கம்ப்யூட்டர மாத்துறதுக்கு முன்னாடி பழைய தமிழ் ஃபைலக் காப்பாத்துங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல விண்டோஸ் 10 பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன். 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் வழக்கமா குடுத்துட்டிருந்த அப்டேட்ட நிறுத்திட்டாங்க, பழைய கம்ப்யூட்டர் நிறையத்துல விண்டோஸ் 11 ஏறாது, அதனால புதுசு வாங்கிடுங்கன்னு எழுதியிருந்தீங்க. தேதியெல்லாம் சரிதான். ஆனா புதுசு வாங்குறது ஒண்ணுதான் வழின்னு முடிச்சது சரியில்ல ஐயா, அதவிட பெரிய குறை, இருபது வருஷமா தமிழ்ல டைப் பண்ணி சேத்து வச்சவங்க மெஷின் மாறும்போது எத எழக்கப் போறாங்கன்னு அதுல ஒரு வரி கூட இல்ல. நான் நாள் முழுக்க தமிழ்ல டைப் அடிச்சு, பிழை திருத்தி பொழைக்கிறவன். இந்த மாத்தத்த போன ரெண்டு மாசத்துல நானே செஞ்சு முடிச்சிருக்கேன், அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

என் லேப்டாப் 2016ல வாங்குனது. ஐ5, ஆறாவது தலைமுறை, 8 ஜிபி ரேம். கீபோர்டுல எழுத்து அழிஞ்சிருக்கே தவிர ஒரு கீ கூட இன்னிக்கு வரைக்கும் மக்கர் பண்ணல. விண்டோஸ் 11க்கு இன்டெல் சிப்புன்னா எட்டாவது தலைமுறையாவது இருக்கணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி இருக்கணும், இதுல முதல் விஷயத்துலயே என் மெஷின் அடிபட்டுப் போச்சு. கூடுதலா ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் தர்றோம், பதிவு பண்ணிக்கோங்கன்னு மைக்ரோசாஃப்ட் சொன்னாங்கதான், ஆனா ஒரு வருஷம் கழிச்சு மறுபடி இதே எடத்துலதான் வந்து நிக்கணும், அதுக்கு இப்பவே மாறிடலாம்னு தோணுச்சு. நல்லா ஓடிட்டிருக்கற மெஷின ஒரு தேதிய காட்டி தூக்கி ஓரமா வைக்க எனக்கு மனசு வரல.

அதனால விண்டோஸுக்கு பதிலா கம்ப்யூட்டர ஓட்டுற இன்னொரு சிஸ்டமான லினக்ஸுக்கு போனேன். 1991ல ஃபின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்ன்னு ஒரு காலேஜ் மாணவர் ஆரம்பிச்சது, இன்னிக்கு நம்ம கையில இருக்கற ஆண்ட்ராய்டு போனுக்குள்ள ஓடுறதும் அதே லினக்ஸோட மையப் பகுதிதான். அதுல பல வகை இருக்கு, விண்டோஸ் பழகுன கைக்கு லினக்ஸ் மின்ட்தான் ஒத்து வரும், கீழ அதே மாதிரி பட்டை, இடது மூலைல அதே மாதிரி மெனு. 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும்னு அவங்க சொல்றாங்க, ஆனா வசதியா வேலை பார்க்க 4 ஜிபி வேணும். இதுல பலருக்கு தெரியாத நல்ல விஷயம், எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். மொத்த சிஸ்டமும் அடங்குன, 3 ஜிபி கிட்ட வர்ற ஒரு ஐஎஸ்ஓ ஃபைல டவுன்லோட் பண்ணி, ரூஃபஸ்ங்கற சின்ன சாஃப்ட்வேர வச்சு ஒரு காலி பென் டிரைவ்ல எழுதி, மெஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போது எஃப்12ஓ எஃப்2ஓ, அது கம்பெனிக்கு கம்பெனி மாறும், அத அழுத்தி பென் டிரைவ தேர்ந்தெடுத்தா போதும், ஹார்டு டிஸ்க்க தொடாம முழு சிஸ்டமும் பென் டிரைவ்லேந்தே ஓடும். ஒரு நாள் முழுக்க அப்படியே வச்சு வைஃபை வருதா, சவுண்டு வருதா, பிரிண்டர் பேசுதான்னு எல்லாத்தையும் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.

எனக்கு வைஃபை வரல. பிராட்காம் சிப் போட்ட பழைய லேப்டாப்புல இது சகஜம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நெட் இல்லாம டிரைவர எப்படி எறக்குறதுன்னு அர மணி நேரம் முழிச்சிட்டிருந்தேன், கடைசில போன யுஎஸ்பி கேபிள்ல சொருகி, போன் நெட்ட கம்ப்யூட்டருக்கு குடுக்கற டெதரிங்க ஆன் பண்ணேன், உடனே நெட் வந்துச்சு, டிரைவர் மேனேஜர தொறந்தா அதுவே இந்த டிரைவர் வேணும்னு காட்டி போட்டுக்குச்சு. அதோட சரி, இன்னி வரைக்கும் வைஃபை ஒரு தடவை கூட கட் ஆகல.

விண்டோஸையும் பக்கத்துலயே வச்சுக்கணும்னு நெனைக்கிறவங்க ரெண்டு விஷயத்த முன்னாடியே பாத்துடணும். ஒண்ணு பிட்லாக்கர், அதாவது டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. டிஸ்க் பூட்டியிருக்கான்னு பாத்து, பூட்டியிருந்தா அதோட ரெக்கவரி கீய ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டுதான் மேல கை வைக்கணும், அது இல்லாம பூட்டு விழுந்துச்சுன்னா உள்ள இருக்கறது போச்சு. இன்னொன்னு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், அத அணைக்கலன்னா விண்டோஸ் முழுசா மூடாம அர தூக்கத்துல கெடக்கும், லினக்ஸ்லேந்து அந்த டிஸ்க்ல எழுத முடியாது.

ஹார்டு டிஸ்க்க கழட்டிட்டு, சுத்துற பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டதையும் சொல்லணும். சிஸ்டம் மாத்துனதுல பாதி, டிஸ்க் மாத்துனதுல பாதின்னு சொல்ற அளவுக்கு வேகம் கூடிடுச்சு. பத்து வருஷ லேப்டாப் மெதுவா இருக்குன்னா முக்காவாசி காரணம் அந்த சுத்துற டிஸ்க்குதான்.

இனி தமிழுக்கு வர்றேன், நான் எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். விண்டோஸ்ல எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகின்னு எத வச்சு டைப் பண்ணிட்டிருந்தாலும் புது எடத்துல முதல் கவலை இதுவாத்தான் இருக்கும். மின்ட்ல சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ்-எம்17என்னு தேடி போட்டுட்டு ஒரு தடவை லாக் அவுட் பண்ணி உள்ள வந்தா தமிழ்99, டைப்ரைட்டர், ஃபோனெட்டிக்னு கீபோர்டு வகை எல்லாம் வரிசையா நிக்குது. ஆங்கில எழுத்துல அடிச்சு தமிழ் வர வைக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு ஃபோனெட்டிக் இருக்கு, ஆனா தினமும் பக்கம் பக்கமா அடிக்கிறவங்க ஒரு வாரம் கஷ்டப்பட்டு தமிழ்99 கத்துக்கறது கைக்கு செய்ற உபகாரம். 1999ல தமிழ்நெட்99 மாநாட்டுல பேசி முடிவாகி வந்த கீபோர்டு அது, உயிர் எழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் எல்லாம் பெரும்பாலும் வலது கைக்கு. அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு, ரெண்டாவது ம விழுந்ததும் முதல் ம மேல புள்ளி தானா ஏறிடும். தங்கம்னா ங அடிச்சு க அடிச்சாலே ங்க ஆயிடும். புள்ளி வைக்கிற வேலைல பெரும்பகுதி கீபோர்டே பாத்துக்குது.

ஃபாண்டுக்கும் குறை இல்ல, நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், லோஹித், மீரா இனிமை எல்லாம் இலவசமா கெடைக்குது, புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் என் கண்ணுக்கு நல்லா இருக்கு.

அப்புறம்தான் அப்பாவோட ஃபோல்டர தொறந்தேன்.

அப்பா ரிட்டயர் ஆனப்புறம் 2002லேந்து 2009 வரைக்கும் தன் வாழ்க்கைய டைப் பண்ணி வச்சிருந்தாரு. ஒரு விரல்ல தட்டித் தட்டி அறுபது எழுபது ஃபைல். அவர் போய் ஏழு வருஷம் ஆச்சு. புது சிஸ்டத்துல, வேர்டு மாதிரி இருக்கற லிப்ரெஆஃபிஸ்ல முதல் ஃபைல தொறந்தேன், பக்கம் பூரா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமா கொட்டிக் கெடக்குது. ஃபைல் கெட்டுப் போச்சுன்னே நெனச்சுட்டேன். முதல் வார்த்தைய உத்துப் பாத்தா எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். அது பாமினிங்கற பழைய தமிழ் ஃபாண்ட். பாமினில எம்முங்கற எடத்துல அ இருக்கும், கேல ம, அரைப்புள்ளில புள்ளி, ஹெச்சுல கால். அந்த அஞ்சையும் சேத்துப் படிச்சா அம்மா. அவரோட அம்மா, எங்க பாட்டிய பத்திதான் ஆரம்பிச்சிருக்காரு.

இது ஏன் ஆகுதுன்னு தெரியாதவங்க நிறைய பேர் இருப்பாங்க, அதனால சொல்றேன். உலக மொழி எழுத்துக்கெல்லாம் பொதுவா தனித்தனி எண் குடுக்கற யூனிகோட்ல 1991லயே தமிழுக்கு எடம் குடுத்துட்டாங்க, ஆனா விண்டோஸ் 2000 வந்தப்புறம்தான் சாதாரண கம்ப்யூட்டர்ல அது ஒழுங்கா தெரிய ஆரம்பிச்சுது, அதுக்கப்புறமும் பல வருஷம் ஜனங்க பழைய ஃபாண்ட விடல. பழைய ஃபாண்டுங்கறது என்னன்னா, இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல தமிழ் எழுத்து படத்த வரைஞ்சு வச்சது, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அது தமிழ்னே தெரியாது. அந்த ஃபாண்ட் இருக்கற மெஷின்ல மட்டும் தமிழா தெரியும், இல்லாத மெஷின்ல சாயம் வெளுத்துடும். அதுலயும் ஆளாளுக்கு ஒரு மாதிரி, பாமினி ஒரு விதம், டிஸ்கி ஒரு விதம், டேப் ஒரு விதம், டாம் ஒரு விதம், அது போக டிடிபி சாஃப்ட்வேர் வித்த ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தமா ஒரு விதம்.

நான் செஞ்ச தப்பு இங்கதான். டிஸ்க்க மாத்துறதுக்கு முன்னாடி டாகுமெண்ட், போட்டோ எல்லாத்தையும் ஒண்ணு விடாம எடுத்து வச்சேன், விண்டோஸுக்குள்ள ஃபாண்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்குமே, அத எடுக்கல, பழைய டிஸ்க்கையும் ஃபார்மேட் பண்ணி வேற ஒருத்தருக்கு குடுத்துட்டேன். பாமினி எங்கயும் கெடைக்கும், திரும்ப எறக்கி ரெண்டு தட்டு தட்டுனா லினக்ஸ்லயும் ஏறிடுது, ஃபைல் உடனே தமிழா தெரியுது. ஆனா அப்பா ஏதோ ஒரு பிரஸ்ல குடுத்து அடிச்சு வாங்குன நாப்பது பக்கம் வேற ஒரு கம்பெனி ஃபாண்ட்ல இருந்துச்சு, அந்த ஃபாண்ட் பேரு மட்டும் ஃபைல்ல இருக்கு, ஃபாண்ட் எங்கயும் இல்ல. பழைய ஃபாண்ட் எழுத்த யூனிகோடுக்கு மாத்துற எந்த கன்வர்ட்டருக்கும் அது புரியல. அந்த ஒரு ஃபோல்டர காப்பி பண்ண ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. உங்க வாசகர்கள் ஒருத்தராவது இத படிச்சுட்டு மொதல்ல போய் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர பென் டிரைவ்ல போட்டு வச்சுக்கிட்டா எனக்கு போதும்.

பாமினி ஃபைல்கள யூனிகோடுக்கு மாத்துனது ஒரு தனிக் கதை. கண்ணுக்கு தமிழா தெரியுதே, அப்படியே விட்டா என்னன்னு கேக்கலாம், விட்டா அதுல ஒரு பேர தேட முடியாது, போனுக்கு அனுப்பினா படிக்க முடியாது, நாளைக்கு என் பசங்க தொறந்தா எனக்கு ஆன அதே கதிதான் அவங்களுக்கும். மாத்துறதுக்கு கன்வர்ட்டர் நிறைய இருக்கு, பைத்தான்ங்கற புரோகிராம் மொழி கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு ஓப்பன்-தமிழ்னு ஒரு லைப்ரரி இருக்கு, மொத்தமா பல ஃபைல ஒரே நேரத்துல மாத்த அதுதான் வசதி, எந்த ஃபாண்ட் முறைன்னு தெரியலன்னா அதுவே கண்டுபிடிக்கவும் பார்க்கும். ஆனா முழு ஃபைலையும் அப்படியே அள்ளிப் போட்டா நடுநடுவுல இங்கிலீஷ்ல இருக்கற வார்த்தையும் தமிழ் கந்தலா மாறிடும், அப்பா வேலை பாத்த ஆபீஸ் பேரே அப்படித்தான் முதல் தடவை போச்சு. ஃபாண்ட் பேர வச்சு பாமினில இருக்கற துண்ட மட்டும் எடுத்து மாத்தணும், லிப்ரெஆஃபிஸ்ல தேடி மாத்துற எடத்துல ஃபார்மேட்டுனு ஒரு பட்டன் இருக்கு, அதுல ஃபாண்ட் பேர குடுத்தா அந்த ஃபாண்ட்ல இருக்கற எழுத்த எல்லாம் மொத்தமா காட்டிடும்.

மாத்துனப்புறமும் பிழை திருத்தாம விடக்கூடாது. பழைய ஃபாண்ட்ல கொன்னு அடிக்க மொதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால், கண்ணுக்கு தெரியற வரிசைல. யூனிகோட்ல க மொதல்ல, அதுக்கப்புறம்தான் ஒகரத்தோட குறி. சில கன்வர்ட்டர் இந்த குறிய ஒரே எழுத்தா வைக்காம கொம்பு தனியா கால் தனியா வச்சுட்டுப் போயிடுது, பாக்க ரெண்டும் ஒண்ணுதான், ஆனா கொடின்னு தேடினா பாதி எடம் அகப்படாது. சௌகரியம், கௌரவம் மாதிரி வார்த்தைல ஔகாரக் குறிக்கு பதிலா கொம்பு போட்டு பக்கத்துல ள எழுத்து நிக்கும். அப்பாவே கால் போட வேண்டிய எடத்துல ர போட்டிருந்தாரு பல எடத்துல, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கறதால, வந்தரர் போனரர்னு. அந்தக் காலத்து டைப்பிங்ல இது ரொம்ப சகஜம். ராத்திரி வேலை முடிச்சுட்டு தினம் ரெண்டு ஃபைல்னு கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆச்சு எனக்கு, ஆனா ஒவ்வொரு வரியையும் படிச்சேன், அவர் இருந்தப்ப படிச்சதில்ல.

ஃபாண்ட் இல்லாத அந்த நாப்பது பக்கத்துக்கு பீரோல ஒரு பிரிண்ட் அவுட் இருந்துச்சு, அதுதான் காப்பாத்துச்சு. டெசராக்ட்னு ஒரு சாஃப்ட்வேர், படத்துல இருக்கற எழுத்த படிச்சு டைப் பண்ணிக் குடுக்கும், 80கள்ல ஹெச்பி கம்பெனி ஆரம்பிச்சது, 2005ல எல்லாருக்கும் தொறந்து விட்டாங்க, தமிழும் படிக்கும். மின்ட்ல தமிழுக்குன்னு தனி பேக்கேஜ் இருக்கு, அதையும் சேத்து போடணும், கமாண்டு அடிக்க பயமா இருந்தா ஜிஇமேஜ்ரீடர்னு ஒரு ஜன்னல் வச்ச சாஃப்ட்வேர் இருக்கு, அதுக்குள்ள டெசராக்ட்தான் ஓடுது. ஸ்கேனோட தெளிவு 300 டிபிஐக்கு (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையக் கூடாது, பக்கம் கோணலா இருக்கக் கூடாது, இந்த ரெண்டும் சரியா இருந்தா நல்லாவே படிக்குது. காகிதம் பழுப்பாயிருந்த பக்கத்துல மட்டும் காலையும் ர எழுத்தையும் அதுவும் கொழப்பிக்கிச்சு.

மத்த சாஃப்ட்வேர் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. வீடியோவுக்கு விஎல்சி, நெட்டுக்கு ஃபயர்பாக்ஸ், மெயிலுக்கு தண்டர்பேர்டு, இதெல்லாம் விண்டோஸ்லயும் எல்லாரும் பாத்ததுதான். பாஸ்வேர்டுக்கு கீபாஸ்எக்ஸ்சி போட்டேன், டைரில எழுதி வச்ச பாஸ்வேர்டெல்லாம் அதுக்குள்ள போயிடுச்சு. டைம்ஷிஃப்ட்டுன்னு ஒண்ணு மின்ட்லயே வருது, அத முதல் நாளே ஓட்டி வைக்கணும், ஏதாவது அப்டேட் சொதப்புனா நேத்து இருந்த நெலமைக்கு சிஸ்டத்த திருப்பிடும். ஆனா அது சிஸ்டத்த மட்டும்தான் காப்பாத்தும், நம்ம ஃபைலுக்கு தனியா பேக்கப் எடுக்கணும், இத ஒண்ணுன்னு நெனச்சு ஏமாறக் கூடாது. ஃபைல மூணு காப்பியா வைக்கணும், ரெண்டு வேற வேற பொருள்ல, ஒண்ணு வேற வீட்ல. அப்பா ஃபோல்டர் இப்ப லேப்டாப்ல, ஒரு வெளி டிஸ்க்ல, தங்கச்சி வீட்ல ஒரு பென் டிரைவ்லன்னு இருக்கு.

எல்லாருக்கும் லினக்ஸ் ஒத்து வரும்னு நான் சொல்ல வரல. பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப் வச்சு பொழப்பு நடத்துறவங்களுக்கு இங்க அது நேரடியா கெடையாது, புத்தக வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் இருக்கு, தமிழ் இப்ப அதுல ஒழுங்கா வருது, ஆனா பத்து வருஷம் பேஜ்மேக்கர்ல பழகுன கை அவ்வளவு சீக்கிரம் ஏத்துக்காது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், சில கணக்கு சாஃப்ட்வேர், சில பழைய ஸ்கேனர், இதெல்லாம் தகராறு பண்ணலாம். அப்படிப்பட்டவங்க விண்டோஸ் 11க்கே போகட்டும், தப்பே இல்ல. எங்க போனாலும் ஃபாண்ட் ஃபோல்டரும் பழைய ஃபைலும் கூட வரணும், அதுதான் என் கவலை. புது மெஷின் வாங்கி வேற ஒருத்தர விட்டு டேட்டா மாத்தச் சொல்றவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், மாத்திக் குடுக்கறவர் டாகுமெண்ட் ஃபோல்டர மட்டும்தான் காப்பி பண்ணுவாரு, ஃபாண்ட எடுங்கன்னு நாமதான் வாய் தொறந்து கேக்கணும்.

ஐயா, உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். ஞாயித்துக்கெழம இணைப்புல அர பக்கம் ஒதுக்கி, பழைய ஃபாண்ட் ஃபைல எப்படி கண்டுபிடிக்கறது, எப்படி மாத்துறதுன்னு படத்தோட போடுங்க. கோயில் கமிட்டி கணக்கு, சங்கத்து மினிட்ஸ், புலவர்கள் அடிச்சு வச்ச கவிதை, கல்யாண பத்திரிகை, இப்படி எத்தனையோ இந்த நெலமைலதான் பழைய டிஸ்க்ல கெடக்குது, அடிச்சவங்களுக்கு வயசாயிட்டே போகுது, எந்த ஃபாண்ட்ல அடிச்சீங்கன்னு கேக்க அவங்க இருக்கும்போதே கேட்டுடணும்.

இன்னொன்னு உங்க பேப்பரோட பழைய தொகுப்பு பத்தி. 2003ல தெரு விளக்கு பத்தி அப்பா எழுதுன ஒரு கடிதத்த நீங்க போட்டிருந்தீங்க, அதோட டைப் பண்ண நகல் அவர் ஃபோல்டர்ல இருந்துச்சு, எந்த தேதில வந்துச்சுன்னு பாக்கலாம்னு உங்க பழைய பக்கங்கள்ல தேடுனேன். அந்த வருஷத்து பக்கமெல்லாம் உங்க சொந்த ஃபாண்ட்லதான் இன்னும் இருக்கு, தொறந்தா இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது, தேடினா ஒண்ணும் வரல. அந்த ஃபாண்ட் உங்க ஆபீஸ்ல யார்கிட்டயாவது நிச்சயம் இருக்கும், அந்த கம்ப்யூட்டர மாத்துறதுக்கு முன்னாடி அத எடுத்து வைங்க. அப்பாவோட கடிதத்த யூனிகோடுக்கு மாத்திட்டேன், உங்களுக்கு வேணும்னா அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்